கூட்டம் போட்டால் மட்டும் போதாது: பகுதித் திட்டத்தில் குடியிருப்போரைச் சேர்க்க ஒரு வழிகாட்டி

எங்கள் பகுதியில் ஒரு தெருவையும் அதை ஒட்டிக் கிடந்த காலி இடத்தையும் சீரமைக்கப் போகிறார்கள் என்றதும், குடியிருப்போரின் கருத்தைத் திரட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நோட்டீஸ் ஒட்டி, மண்டபம் பிடித்து, கூட்டம் போடுவது. போட்டேன். 60 நாற்காலி, வந்தவர்கள் 14 பேர். அதில் 11 பேர் அறுபதைத் தாண்டிய ஆண்கள். திரையில் வரைபடத்தைக் காட்டி முடிப்பதற்குள் ஒருவர் எழுந்து வண்டி நிறுத்தும் தகராறைத் தொடங்கினார். ஒன்றரை மணி நேரம் அதிலேயே போனது. கடைசியில் என் குறிப்பேட்டில் இருந்தது நாலே வரி. நாலும் வண்டி பற்றியது.

பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். மூன்று மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு எட்டு மாதம் ஆனது. இதே வேலை உங்களிடம் வந்திருந்தால் அந்த ஐந்து மாதத்தை மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். படிகளின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். நான் ஆறாம் படியில் தொடங்கித்தான் மாட்டிக்கொண்டேன்.

1. எது இன்னும் முடிவாகவில்லை என்று கண்டுபிடியுங்கள்

"எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டுத்தானே கூப்பிடறீங்க?" வீடு வீடாகப் போய் ஏன் கூட்டத்துக்கு வரவில்லை என்று கேட்டபோது அதிகம் கிடைத்த பதில் இதுதான். அதில் பாதி உண்மை. தெருவின் அகலம், வடிகால் போகும் வழி, மொத்தத் தொகை மூன்றும் முன்பே முடிவாகியிருந்தன. அது தெரியாமல் நான் "உங்கள் தெருவை நீங்களே வடிவமையுங்கள்" என்று நோட்டீஸ் அடித்திருந்தேன்.

ஆகவே முதல் வேலை ஒரு பக்கத் தாள் தயாரிப்பது. திட்டத்தை நடத்தும் அலுவலகத்தில் பொறியாளரோடு உட்கார்ந்து மூன்று பட்டியல் எழுதுங்கள்: முடிவாகிவிட்டவை, இன்னும் மாற்றக்கூடியவை, அவர்களுக்கே இன்னும் தெரியாதவை. மூன்றாவது பட்டியலை எழுதத் தயங்குவார்கள். விடாதீர்கள், பின்னால் சண்டை கிளம்புவது பெரும்பாலும் அதிலிருந்துதான். தாளின் அடியில் தேதியும் பொறுப்பாளரின் கையெழுத்தும் இருக்கட்டும். எங்கள் திட்டத்தில் நடுவில் பொறியாளர் மாறினார். முன்பிருந்தவர் "மாற்றலாம்" என்று வாய்வார்த்தையாகச் சொன்ன இரண்டு விஷயங்கள் அவரோடு சேர்ந்தே போய்விட்டன.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்பவர் 1969-ல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி கொண்ட ஏணியாகப் பிரித்துக் காட்டினார். அடிப்படிகளில் இருப்பது கண்துடைப்பு. நடுவே தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் வரும். உச்சியில் அதிகாரமே மக்கள் கைக்குப் போகிறது. கருத்துக் கேட்பது நான்காம் படி, சேர்ந்து முடிவெடுப்பது ஆறாம் படி. நான்காவதில் நிற்பதில் தவறில்லை. நான்கில் நின்றுகொண்டு ஆறு என்று விளம்பரம் செய்தால் அடுத்த முறை யாரும் கதவைத் திறக்கமாட்டார்கள்.

கவனம்: மாற்றக்கூடியவை பட்டியலில் பெஞ்சின் நிறம், செடியின் வகை மட்டும்தான் மிஞ்சுகிறது என்றால், கலந்தாய்வு வேண்டாம் என்று அலுவலகத்திடமே சொல்லிவிடுங்கள். ஒரு அறிவிப்புப் பலகை போதும்.

2. அங்கே உண்மையில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்

வீட்டுப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கினால் வீட்டு உரிமையாளர்கள்தான் கிடைப்பார்கள். அந்த இடத்தைப் பயன்படுத்துபவர்கள் வேறு. ஒரு வேலைநாள், ஒரு விடுமுறை நாள் என இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். காலை, நண்பகல், மாலை, இரவு என நாலு வேளையும் ஒரே இடத்தில் நின்று, ஒவ்வொரு வேளைக்கும் பத்து நிமிடம் எண்ணுங்கள். நடந்து போகிறவர் எத்தனை பேர், உட்கார்ந்திருப்பவர் எத்தனை பேர், குழந்தைகள், முதியவர்கள், ஊன்றுகோலோடு வருபவர்கள், வேலைக்காக வெளியிலிருந்து வருபவர்கள், தரையில் கடை விரித்திருப்பவர்கள். ஒரு கோட்டுக்கு ஒருவர் என்று காகிதத்தில் கோடு போட்டாலே போதும். டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் யான் கேல் கோபன்ஹேகனின் தெருக்களை ஆராய்ந்தபோதும் அடிப்படைக் கருவி இப்படி நின்று எண்ணுவதுதான்.

இந்தக் கணக்கு இரண்டு இடத்தில் உதவும். முதலில், யாரைத் தேடிப் போக வேண்டும் என்று காட்டும். பிறகு, வந்தவர்களின் பட்டியலோடு ஒப்பிட்டால் யார் விடுபட்டார்கள் என்று தெரியும். எங்கள் தெருவில் எண்ணியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பதினைந்து வயதுக்குக் கீழே. என் முதல் கூட்டத்தில் அந்த வயதில் ஒருவர்கூட இல்லை.

வாடகைக்குக் குடியிருப்பவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். "நாங்க எத்தனை நாள் இருப்போமோ" என்று அவர்களே ஒதுங்கிக்கொள்வார்கள். தெருவை அன்றாடம் நடந்து தேய்ப்பவர்கள் அவர்கள்தான் என்றாலும்.

3. காகிதங்களைத் தயார் செய்யுங்கள்

சலிப்பான வேலை, ஆனால் இதில்தான் எங்களுக்கு ஆறு வாரம் வீணானது. தேவையானவை இவை:

அனுமதிக் கடிதம். பொது இடத்தில் மேசை போட, சுவரில் ஒட்ட, தெருவை ஒரு நாள் மூட ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி தேவைப்படலாம், அதுவும் வெவ்வேறு அலுவலகங்களிலிருந்து. தெருவை மூடுவதற்கான அனுமதிதான் எப்போதும் கடைசியாக வரும். அந்த விண்ணப்பத்தை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். ஒப்புகை எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள்.

அடிப்படை வரைபடம். அலுவலகத்தின் பொறியியல் வரைபடம் வேண்டாம், பாதிப் பேருக்கு அது புரியாது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்திலிருந்து எடுக்கலாம். இலவசம், அச்சிடலாம், மூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஏ0 தாள் 841 மில்லிமீட்டர் அகலம், 1189 மில்லிமீட்டர் நீளம். அதில் 1:500 அளவில் அச்சிட்டால் சுமார் 420 மீட்டருக்கு 590 மீட்டர் பரப்பு அடங்கும். ஒரு சின்னக் குடியிருப்புக்கு அது தாராளம். அச்சுக்குக் கொடுக்கும் முன் தெருப் பெயர்களை அங்கேயே வசிக்கும் ஒருவரிடம் சரிபாருங்கள். வரைபடத்தில் ஒரு பெயரும் மக்கள் வாயில் வேறு பெயரும் இருந்தால் இரண்டையும் போடுங்கள்.

ஒப்புதல் படிவம். புகைப்படம் எடுத்தாலோ குரலைப் பதிவு செய்தாலோ கட்டாயம் வேண்டும். குழந்தைகள் என்றால் பெற்றோர் கையெழுத்து. எதற்குப் பயன்படும், எங்கே வெளிவரும், எப்போது அழிக்கப்படும் என்ற மூன்று வரி போதும். சின்ன எழுத்தில் இரண்டு பக்கம் அடித்தால் யாரும் படிக்கமாட்டார்கள். படிக்காமல் போட்ட கையெழுத்தால் யாருக்கும் பயனில்லை.

வருகைப் பதிவு. பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்டால் சிலர் வாசலிலேயே திரும்பிவிடுவார்கள். வயது வரம்பு, எந்தத் தெரு, வாடகையா சொந்தமா என்ற மூன்றை மட்டும் கட்டாயமாக்குங்கள். எண் தருவது அவரவர் விருப்பம்.

4. நாட்காட்டி போடுங்கள்

பன்னிரண்டு வாரம் என்று வையுங்கள். முதல் மூன்று வாரம் மேலே சொன்ன மூன்று படிகளுக்கு. நான்காம் வாரம் நான்கைந்து பேரை வைத்து முறைகளை ஒத்திகை பார்க்க. ஐந்து முதல் எட்டு வரை களத்தில். ஒன்பதும் பத்தும் வந்த கருத்துகளைத் தொகுக்க. பதினொன்றில் திரும்பிப் போய்ச் சொல்ல. பன்னிரண்டாவது, தவறிப்போகும் ஏதோ ஒன்றுக்காக.

தேர்வுக் காலம், தேர்தல் காலம், நீண்ட விடுமுறை மூன்றையும் தவிருங்கள். அலுவலகம் வரைபடத்தை இறுதி செய்யும் தேதியைக் கேட்டு வாங்கி, அதற்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே உங்கள் அறிக்கை அவர்கள் மேசையில் இருக்கும்படி பின்னோக்கி எண்ணுங்கள். ஒப்பந்தப்புள்ளி கோரிய பிறகு வரும் நல்ல யோசனைக்கும் மோசமான யோசனைக்கும் வித்தியாசம் கிடையாது. இரண்டும் கோப்பில்தான் தூங்கும்.

5. பணத்தை எதில் போடுவது

முதல் முறை நான் பணத்தை மண்டபத்திலும் பெரிய பேனரிலும் போட்டேன். இரண்டும் யாரையும் அழைத்து வரவில்லை. இரண்டாம் முறை, இருந்ததைப் பத்துப் பங்காகப் பிரித்தோம். நான்கு பங்கு ஆட்களின் நேரத்துக்கு: வீடு வீடாகப் போன இளைஞர்கள், மொழிபெயர்த்தவர், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர். இரண்டு பங்கு அச்சுக்கும் பொருட்களுக்கும். இரண்டு பங்கு தெருவில் தற்காலிகமாக அமைத்துப் பார்த்ததற்கு. ஒரு பங்கு திரும்பிப் போய்ச் சொல்வதற்கு. மிச்சம் ஒன்று எதிர்பாராத செலவுக்கு, அதுவும் முழுக்கத் தீர்ந்தது.

"தன்னார்வலர்கள்தானே, எதற்குப் பணம்?" என்று அலுவலகத்தில் கேட்பார்கள். தினக்கூலிக்குப் போகிற ஒருவர் அரை நாள் உங்களோடு இருந்தால் அவருக்கு அரை நாள் சம்பளம் போகிறது. அதே மேசைக்கு ஆலோசகர் கட்டணம் வாங்கிக்கொண்டு வருகிறார். இதை இப்படியே எழுத்தில் கொடுத்தோம், ஒப்புக்கொண்டார்கள்.

திரும்பிப் போய்ச் சொல்வதற்கான பங்கை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கடைசியில் அது இருக்காது.

6. முறையைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றையும் செய்ய வேண்டாம், இரண்டோ மூன்றோ போதும். ஒன்றாவது பேசத் தேவையில்லாததாக இருக்கட்டும். ஒன்றாவது மக்கள் ஏற்கெனவே இருக்கும் இடத்துக்கு நீங்கள் போவதாக இருக்கட்டும்.

அட்டை மாதிரி. என்னைக் கேட்டால் இதுதான் முதல். இங்கிலாந்தில் டோனி கிப்சன் 1970-களில் உருவாக்கிய முறை இது. பகுதியைப் பெட்டி அட்டையில் மாதிரியாகச் செய்து மேசைமேல் வைக்கிறீர்கள். பக்கத்தில் சின்னச் சின்னச் சீட்டுகள்: விளக்கு, மரம், பெஞ்சு, நடைபாதை, குப்பைத்தொட்டி, வேகத்தடை, கழிப்பறை, "இங்கே பயமாக இருக்கிறது", பிறகு எழுதிக்கொள்ள வெறும் சீட்டு. வருகிறவர் எடுத்து, வேண்டிய இடத்தில் வைத்துவிட்டுப் போகலாம். எழுந்து நின்று பேச வேண்டியதில்லை. யார் வைத்தது என்றும் தெரியாது. மைக்கைப் பிடிக்கவே மாட்டாத ஆட்கள் இதில் பத்துச் சீட்டு வைப்பார்கள்.

எங்கள் மாதிரியில் ஒரே திருப்பத்தில் 19 விளக்குச் சீட்டுகள் விழுந்தன. கூட்டத்தில் ஒருவர்கூட அந்தத் திருப்பத்தைப் பற்றிப் பேசியிருக்கவில்லை. இரவில் போய்ப் பார்த்தோம். அங்கே ஏற்கெனவே விளக்கு இருந்தது, எரியவும் செய்தது. மரக்கிளை அதை முழுக்க மூடியிருந்தது. தேவைப்பட்டது ஒரு கத்தரிப்பு. இதிலிருந்து நான் கற்றது: சீட்டை எண்ணி அப்படியே அறிக்கையில் ஏற்றாதீர்கள், முதலில் அந்த இடத்துக்குப் போய் நில்லுங்கள்.

மாதிரியை 1:200 அல்லது 1:300 அளவில் செய்யுங்கள். தன் வீட்டுக் கதவை ஒருவர் கண்டுபிடிக்க முடிய வேண்டும்; கண்டுபிடித்த பிறகுதான் சீட்டை எடுக்கிறார்கள். தனித்தனித் துண்டுகளாகச் செய்தால் தூக்கிக்கொண்டு பள்ளி, கடைத்தெரு, பேருந்து நிறுத்தம் என்று போகலாம். பள்ளிப் பிள்ளைகளிடம் செய்யச் சொன்னால் அவர்களோடு பெற்றோரும் வருவார்கள். அழகாகச் செய்துவிடாதீர்கள். நாங்கள் முதலில் ஒரு கட்டடக்கலை மாணவரிடம் கொடுத்தோம். வெள்ளை வெளேரென்று அவ்வளவு நேர்த்தியாக வந்தது, தொடவே பயந்தார்கள்.

சீட்டு வைத்து முடித்ததும் அதே ஆட்களோடு அவற்றை உடனே, அடுத்து, பிறகு என்று மூன்றாகப் பிரியுங்கள். ஒரு சீட்டோடு உடன்படாதவர் அதைத் திருப்பிப் போடலாம், எடுத்து எறியக் கூடாது. வாக்குவாதம் ஆள் மேல் போகாமல் சீட்டின் மேலேயே நிற்கும்.

நடந்து பார்த்தல். எட்டிலிருந்து பத்துப் பேர், ஒரு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் போனால் பின்வரிசை சொந்தக் கதைக்குப் போய்விடும். 2007-ல் டொராண்டோவில் தொடங்கிய ஜேன்ஸ் வாக் என்ற பகுதி நடைகளை அங்கே வசிப்பவர்களே வழிநடத்துகிறார்கள். நீங்களும் அதிகாரியை முன்னால் நடக்க விடாதீர்கள். ஒரு நடையைச் சக்கர நாற்காலியில் வருபவரும், ஒன்றைக் குழந்தைவண்டி தள்ளுபவரும், ஒன்றை இருட்டிய பிறகு பெண்களும் வழிநடத்தட்டும். பொறியாளர் கூட வரட்டும், ஆனால் பதில் சொல்லாமல் குறிப்பெடுக்க மட்டும். எங்கள் பொறியாளர் முதல் பத்து நிமிடம் மிகவும் கஷ்டப்பட்டார்.

சுவர் ஸ்டிக்கர். நியூ ஆர்லியன்ஸில் கேண்டி சாங் என்ற கலைஞர் 2010-ல் கைவிடப்பட்ட கட்டடங்களில் "இது என்னவாக இருந்தால் நன்றாக இருக்கும்" என்று நிரப்பும்படியான ஸ்டிக்கர்களை வைத்தார். மலிவானது, இரவிலும் வேலை செய்யும், கூட்டத்துக்கே வராதவர்களிடமிருந்து பதில் வாங்கித் தரும். தடம் விடாமல் உரியும் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள், கட்டட உரிமையாளரின் அனுமதியும் வாங்குங்கள். கிண்டலும் வசவும் கொஞ்சம் வரத்தான் செய்யும். வாரம் இரண்டு முறை போய்ப் படமெடுத்துப் பதிவு செய்யுங்கள், மழை அழித்துவிடும்.

தெருவிலேயே செய்து பார்த்தல். 2005-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் சிலர் ஒரு கார் நிறுத்தும் இடத்துக்கு மீட்டரில் காசு போட்டு, வண்டியை நிறுத்தாமல் புல் விரித்து, ஒரு மரமும் பெஞ்சும் வைத்தார்கள். பிறகு அது பல நகரங்களில் ஆண்டுதோறும் நடக்கும் நாளாகிவிட்டது. 2010-ல் டல்லாஸில் குடியிருப்போர் ஒரு தெருத் துண்டை வண்ணம், நாற்காலி, செடித்தொட்டி கொண்டு ஒரு வாரக் கடைசிக்கு மாற்றிக் காட்டினார்கள். வரைபடத்தில் ஆறு மாதம் வாதாடும் விஷயத்தை இது ஒரு நாளில் தீர்க்கும்; யோசனை சரி என்றும் காட்டலாம், தவறு என்றும் காட்டலாம். நாங்கள் காலையில் நல்ல நிழல் இருந்த இடத்தில் பெஞ்சுகளைப் போட்டோம். மாலை நாலு மணிக்கு வெயில் நேராக அடித்தது, ஒருவரும் உட்காரவில்லை. அத்தனை பேரும் ஆசைப்பட்டு வரைபடத்தில் குறித்த இடம் அது. நிரந்தரமாகக் கான்கிரீட்டில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

கவனம்: ஒரு நாள் சோதனையில் திருவிழா மனநிலை வந்துவிடும், எல்லோருக்கும் எல்லாம் பிடிக்கும். முடிந்தால் ஏழு நாள் விடுங்கள், அதில் சாதாரண நாட்களும் இருக்க வேண்டும். கடைக்காரர்களிடம் சரக்கு இறக்கும் நேரத்தை முன்பே கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. காலை ஆறு மணிக்கு ஒரு லாரியும் எங்கள் செடித்தொட்டிகளும் எதிரெதிரே நின்றன.

வில்லை விளையாட்டு. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-ல் பட்ஜெட்டின் ஒரு பகுதியை எதில் செலவிடுவது என்று குடியிருப்போரே தீர்மானிக்கும் முறையைத் தொடங்கியது. அந்த அளவுக்கு அதிகாரம் உங்களிடம் இல்லாவிட்டாலும் அதன் சாரத்தை மேசையில் நடத்தலாம். ஒவ்வொருவருக்கும் காசு மாதிரி பத்து வட்ட வில்லைகள். ஒரு வில்லை, இருக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கு. வேலைகளை அட்டையில் எழுதி, எத்தனை வில்லை ஆகும் என்று பொறியாளரிடம் கேட்டுப் போடுங்கள். எல்லா வேலையும் சேர்ந்தால் குறைந்தது இருபத்தைந்து வில்லை வரட்டும். பணம் போதாது என்று யாரும் பிரசங்கம் செய்யத் தேவையில்லை, கையே சொல்லிவிடும். பராமரிப்புச் செலவையும் அட்டையில் ஏற்றுங்கள். நீரூற்று கேட்ட ஆறு பேரில் நாலு பேர் அதைப் பார்த்ததும் மனம் மாறினார்கள்.

மற்றவை. பிள்ளைகளிடம் கேமரா கொடுத்துப் பிடித்த இடத்தையும் பிடிக்காத இடத்தையும் படமெடுத்து வந்து கதை சொல்லச் சொல்வது எங்கேயும் பலிக்கும். மைன்கிராஃப்ட் விளையாட்டில் பொது இடங்களை வடிவமைக்க வைக்கும் திட்டத்தை ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பு 2012-ல் தொடங்கியது. கணினிகள் கிடைத்தால் பதின்ம வயதினருக்கு அதற்கு ஈடில்லை. நாடகம் தெரிந்த குழு இருந்தால் சிக்கலை நடித்துக் காட்டி, பார்வையாளரை மேடைக்கு அழைத்து முடிவை மாற்றச் சொல்லலாம். பிரேசில் நாடக இயக்குநர் அகஸ்டோ போவால் ரியோ டி ஜெனிரோ நகரமன்ற உறுப்பினராக இருந்தபோது இந்த வழியில் சட்ட முன்மொழிவுகளையே உருவாக்கினார். நான் நாடகத்தை முயலவில்லை. எங்களிடம் நடிக்கத் தெரிந்தவர்கள் குறைவு, வசனம் பேசுபவர்கள் அதிகம்.

இணையம்? பார்சிலோனாவில் பிறந்த டெசிடிம், மாட்ரிட்டில் பிறந்த கன்சல் இரண்டும் மக்கள் கருத்தைத் திரட்ட யாரும் நிறுவிக்கொள்ளக்கூடிய இலவசத் திறமூல மென்பொருட்கள். ஒரு நகரத்துக்கு அவை சரி. ஒரு தெருவுக்கு கூகுள் ஃபார்ம் போதும், அதுவும் துணையாக மட்டும். வாட்ஸ்அப் குழுவில் கருத்துக் கேட்காதீர்கள். 300 செய்தி வரும், அனுப்பியவர் ஏழு பேராக இருப்பார்கள்.

7. அன்றைய நாளை நடத்துதல்

மேடை வேண்டாம், மைக் வேண்டாம். ஒரு மேசைக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர், ஒவ்வொரு மேசைக்கும் ஒரு ஒருங்கிணைப்பாளர். அவர் அந்தத் தெருக்காரராக இருக்கக் கூடாது. இருந்தால் தன் கருத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் எழுதட்டும், பிறகு பேசலாம். எழுத வராதவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லும் வார்த்தையிலேயே எழுதிக் கொடுங்கள், திருத்தாதீர்கள்.

விடாமல் பேசும் ஒருவர் நிச்சயம் வருவார். அடக்கப் பார்த்தால் இன்னும் வளர்வார். அவரிடம் மார்க்கரைக் கொடுத்து மற்றவர்கள் சொல்வதைச் சார்ட்டில் எழுதச் சொல்லுங்கள். முதல் கூட்டத்தில் வண்டித் தகராறைத் தொடங்கிய அண்ணாச்சியை அப்படித்தான் மடக்கினேன். எழுத்து முத்து முத்தாக இருந்தது. இறுதி அறிக்கையில் இருந்த பாதிச் சார்ட்டுகள் அவர் எழுதியவை.

புள்ளி ஸ்டிக்கர் ஒட்டி வாக்களிக்க வைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: ஏற்கெனவே புள்ளி குவிந்த இடத்துக்கே அடுத்தவர் கையும் போகும். முதலில் அவரவர் தேர்வைச் சீட்டில் எழுதிக்கொண்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒட்டட்டும். பிடித்ததற்குப் பச்சை, பிடிக்காததற்குச் சிவப்பு என்று வைக்காதீர்கள், அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள். வட்டமும் சதுரமும் வையுங்கள்.

குழந்தைகளுக்கு ஒரு மூலை, சாய்ந்து உட்காரும் நாற்காலிகள், அருகிலேயே கழிப்பறை. இவை மூன்றும் இல்லாவிட்டால் எந்தப் படைப்பாற்றலும் அரை மணிக்கு மேல் தாங்காது.

8. வந்ததைத் தொகுத்தல்

அன்று மாலையே எல்லாச் சீட்டையும் மாதிரியையும் சார்ட்டையும் படமெடுங்கள். "நாளைக்கு எடுக்கலாம்" என்று விட்ட ஒரு சார்ட்டை மறுநாள் சுத்தம் செய்தவர் எடுத்துப் போட்டுவிட்டார். அவர்மேல் தப்பில்லை.

பிறகு ஒரு அட்டவணை: சொன்னவரின் சொல் மாறாமல், எந்த இடம், எந்த முறையில் வந்தது, எத்தனை பேர் சொன்னார்கள். வகை பிரிப்பதை இரண்டு பேர் தனித்தனியாகச் செய்து ஒப்பிடுங்கள். நான் "பாதுகாப்பு" என்று போட்டதைக் கூட இருந்தவர் "விளக்கு" என்று போட்டிருந்தார். அந்த வேறுபாடு பொறியாளர் கையில் போனால் ஒன்று கேமரா ஆகும், மற்றொன்று மரக்கிளை ஆகும். ஒருவர் மட்டும் சொன்னது என்று எதையும் தள்ளாதீர்கள். சரிவுப்பாதை கேட்டவர் எங்கள் தெருவில் ஒருவர்தான். சக்கர நாற்காலியில் இருப்பவரும் அவர் ஒருவர்தான்.

இப்போது இரண்டாம் படியில் போட்ட கணக்கை எடுத்து ஒப்பிடுங்கள். யார் குறைகிறார்களோ அவர்களைத் தேடிப் போக இன்னும் நாலு நாள் ஒதுக்குங்கள். மாதிரியின் ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வேலை முடிந்து திரும்பும் வழியில் நின்றாலே பாதி வேலை முடியும்.

9. திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்

கள வேலை முடிந்து மூன்று வாரத்துக்குள், ஒரே பக்கத்தில். மூன்று பகுதி: நீங்கள் சொன்னது, திட்டத்தில் ஏற்றது, ஏற்க முடியாததும் அதன் காரணமும். மூன்றாவதை அலுவலகம் எடுக்கச் சொல்லும், எங்களிடமும் சொன்னார்கள். முதல் படியில் கையெழுத்து வாங்கிய தாளைக் காட்டினால் வாதம் சுருக்கமாக முடியும். "நிதி இல்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். எவ்வளவு ஆகும், எவ்வளவு இருக்கிறது என்று இரண்டு எண்ணையும் போடுங்கள். கழிப்பறை கேட்டு நாங்கள் மறுக்க வேண்டியிருந்தவர்கள் அந்த இரண்டு எண்ணைப் பார்த்துவிட்டு, வேறு நிதிக்கு அவர்களே மனு எழுதினார்கள்.

இந்தத் தாளைச் சீட்டு வாங்கிய அதே இடங்களில் ஒட்டுங்கள், எண் கொடுத்தவர்களுக்கு அனுப்புங்கள், பள்ளியில் பிள்ளைகளிடம் நேரில் போய்ப் படித்துக் காட்டுங்கள். வேலை தொடங்கும் தேதி தெரிந்தால் அதையும் போடுங்கள். தெரியாவிட்டால் அடுத்த தகவல் எந்தத் தேதியில் வரும் என்று போட்டு, அந்தத் தேதியில் சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும் "ஒன்றுமில்லை" என்று ஒட்டுங்கள். நாங்கள் இரண்டு முறை அப்படி ஒட்டினோம்.

மாதிரியைத் தூக்கிப் போடாதீர்கள். வேலை தொடங்கியதும் ஏதாவது ஒன்று மாறும், மறுபடி மேசை போட வேண்டியிருக்கும். எங்களுடையது மூன்று பெட்டிகளில் ஒரு மாடிப்படியின் கீழே இருக்கிறது. பெட்டிமேல் துண்டுகளின் வரிசை எண்ணும், சாவி யாரிடம் என்பதும் எழுதி ஒட்டியிருக்கிறது. எழுதியவர் அண்ணாச்சிதான்.